தட்டைப் பாதமா, கொழுப்புப் பாதமா? எடை கூடிய பிள்ளைகளின் கால்கள்

குளித்துவிட்டு வந்த பிள்ளை சிமெண்டுத் தரையில் பதித்த ஈரக்கால் தடத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலான வீடுகளில் கவலை தொடங்குகிறது. தடத்தின் நடுவே ஒடுக்கமே இல்லை; முன்பாதத்திலிருந்து குதிகால் வரை ஒரே அகலம். பிள்ளைக்கு ஏழு வயது, எடையும் வயதுக்கு மீறியது. அடுத்த வாரமே பாத வளைவைத் தாங்கும் ஆர்ச் சப்போர்ட் இன்சோல் வாங்கி ஷூவுக்குள் போட்டாகிவிடுகிறது. வலிக்கிறது என்கிறது பிள்ளை. பழகிடும் என்கிறார்கள் பெரியவர்கள்.

இந்த அவசரத்தில் மூன்று கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. அந்தத் தடம் காட்டுவது எலும்பு வளைவு இறங்கியதையா, அடியில் சேர்ந்த கொழுப்பையா? அந்த வயதுக்கு அது இயல்பா? பிள்ளைக்கு வலியோ களைப்போ உண்மையில் இருக்கிறதா? என்ன செய்வது என்பதை மூன்றாவது கேள்விதான் முடிவுசெய்ய வேண்டும். அதற்குப் போகும் முன் முதல் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

வளைவு எப்போது எழுகிறது

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் பாதம் தட்டைதான். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவில் கைமுட்டியை ஒற்றி வைக்கிற கண்ணன் பாதத்தில் உள்பக்கம் அழகாக வளைந்திருக்கும். தவழ்ந்து எழுந்த குழந்தையின் நிஜப் பாதத்தில் அந்த வளைவைத் தேடினால் கிடைக்காது. உள்பாதத்தின் அடியில் ஒரு கொழுப்பு மெத்தை இருக்கும். மூட்டுகளைக் கட்டிவைக்கும் நார்கள் தளர்வாக இருக்கும். எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு. நின்று, நடந்து, ஓடி, ஏறி இறங்கி, 10 வயதுக்குள் வளைவு மெல்ல எழுகிறது. சிலருக்குக் கடைசிவரை தாழ்வாகவே இருந்து, எந்தத் தொந்தரவும் தராமலே வாழ்க்கை முழுக்கப் போய்விடுகிறது.

ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயதுவரையிலான 835 பிள்ளைகளின் பாதங்களை அளந்து 2006-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மொத்தத்தில் 44 சதவீதம் பேருக்கு நெகிழும் வகைத் தட்டைப் பாதம், அதாவது நிற்கும்போது தட்டையாகி, முன்பாதத்தில் எழும்பினால் வளைவு திரும்ப வரும் வகை. 3 வயதில் 54 சதவீதமாக இருந்தது 6 வயதில் 24 ஆகிவிடுகிறது. பையன்களில் 52, பெண்பிள்ளைகளில் 36. நோய் என்று சொல்லத்தக்க தட்டைப் பாதம் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் 10 சதவீதம் பேர் அப்போதே ஆர்ச் சப்போர்ட் அணிந்திருந்தார்கள். எடையைப் பொறுத்தும் வேறுபாடு தெளிவாக இருந்தது: எடை கூடிய பிள்ளைகளிடமும் பருமனான பிள்ளைகளிடமும் தட்டைப் பாதம் அதிகம்.

ஆக, தொடர்பு இருப்பது உண்மை. அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் சுவையாகிறது.

கொழுப்பா, தட்டையா

ஈரத்தடம், மைத்தடம், கண்ணாடித் தட்டு இவை எல்லாம் காட்டுவது தரையைத் தொடும் தோலைத்தான். எலும்பு எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. வளைவு நன்றாக இருக்கும் பாதத்திலும் அடியில் சில மில்லிமீட்டர் கொழுப்பு கூடினால் தோல் தரையைத் தொட்டுவிடும், தடம் தட்டையாக விழும். ஆகவே எடை கூடிய பிள்ளைகளிடம் தெரிவது வெறும் கொழுப்புதானோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடையே நெடுநாள் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் உலங்காங் பல்கலைக்கழகக் குழு இதை அல்ட்ராசவுண்ட் கொண்டு நேரடியாக அளந்தது. பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளிடம் 2006-ல் செய்த ஆய்வில் எடை கூடியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுப்பாதக் கொழுப்புத் தடிமனில் வேறுபாடு தென்படவில்லை. வளைவு உயரம்தான் குறைவாக இருந்தது. பிறகு ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுமே தெரிந்தன. பாதத்தில் எடை விழாத நிலையில் பருமனான பிள்ளைகளின் கொழுப்பு மெத்தை சராசரி 5.4 மி.மீ., மற்றவர்களுக்கு 4.6 மி.மீ. வளைவு உயரம் 23.5 மி.மீ., மற்றவர்களுக்கு 24.5 மி.மீ.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சராசரி வேறுபாடு ஏறத்தாழ 1 மி.மீ. தடத்தில் பாதம் செங்கல்போல விழுந்திருந்தாலும், உள்ளே எலும்பு இறங்கியது அந்த அளவுக்கு இருக்காது. எடை கூடிய பிள்ளையின் தடம் உண்மையைவிட மோசமாகத்தான் காட்டும். எலும்பின் நிலையைக் கண்ணாலும் கையாலும் பார்த்து மதிப்பெண் போடும் முறையில் சோதித்தபோது, ஆஸ்திரேலியாவில் 7 முதல் 10 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 140 பேரிடம் எடைக்கும் தட்டைப் பாதத்துக்கும் எதிர்பார்த்த தொடர்பு தெரியவில்லை. அளக்கும் முறையை மாற்றினால் விடையும் மாறுகிறது. ஆகவே தடத்தை மட்டும் பார்த்து இன்சோல் எழுதிக் கொடுப்பவரிடம், எலும்பின் நிலையையும் பார்த்தீர்களா என்று பொறுமையாகக் கேட்பது நல்லது.

எடை பாதத்தை என்ன செய்கிறது

வளைவின் உச்சியில், கணுக்காலுக்கு உள்பக்கம் சற்று முன்னால், விரலால் தடவினால் ஒரு எலும்புப் புடைப்பு தெரியும். படகு வடிவ எலும்பு அது. அதை மேலே பிடித்து நிறுத்துபவை முக்கியமாக மூன்று. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த அடிப்பாதச் சவ்வு. அந்த எலும்புக்குக் கீழே தொட்டில்போலக் கிடக்கும் நார். கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து கணுக்காலைச் சுற்றி வந்து அந்த எலும்பில் பிடிக்கும் தசையின் நாண். சவ்வும் நாரும் எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும். தசை நடக்கும்போது மட்டும் வேலை செய்யும், களைத்தும் போகும்.

8 வயதுப் பிள்ளைகள் இருவர். ஒருவருக்கு 25 கிலோ, இன்னொருவருக்கு 42 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாதத்தின் நீளம் இருவருக்கும் கிட்டத்தட்ட 20 செ.மீ.தான். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் விழும்போதும் உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை வருகிறது. 2.5 மடங்கு என்று கணக்குப் போட்டால் முதல் பிள்ளையின் ஒற்றைக் காலில் 62 கிலோ, இரண்டாவது பிள்ளையின் காலில் 105 கிலோ. எலும்புகளின் பருமனும் நார்களின் தடிமனும் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. தசை சீக்கிரம் களைக்கிறது. களைத்ததும் முழுச்சுமையும் நார்களின் மேல் விழுகிறது. படகு எலும்பு உள்பக்கமாகச் சரிகிறது. குதிகால் வெளிப்பக்கம் சாய்கிறது.

தொடைகள் உரசுவதால் கால்களை அகட்டி நடப்பதும் இதோடு சேர்கிறது. அகட்டி, பாதத்தை வெளியே திருப்பி நடந்தால் உடல் எடை பாதத்தின் உள்விளிம்பு வழியாக உருண்டு போகும். விரலால் உந்தித் தள்ளி நடப்பது குறைந்து, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைப்பதாக நடை மாறிவிடும். உந்தித் தள்ளாத காலில் கெண்டைக்காலின் குதிகால் நாண் இறுகும். இறுகிய நாண் கணுக்காலை மேலே மடங்க விடாது; அந்த மடக்கத்தை நடுப்பாதம் வளைந்து கொடுத்து ஈடுகட்டும். வலி வரும் தட்டைப் பாதங்களில் குதிகால் நாண் குட்டையாக இருப்பதை, 1940-களில் கனடா ராணுவ வீரர்களை ஆராய்ந்த ஹாரிஸ், பீத் இருவரும் அப்போதே எழுதிவைத்தார்கள். இன்றும் வலிக்கும் பாதத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த நாண்தான்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

தடம் எடுப்பதைக் கைவிட வேண்டாம், சரியாக எடுக்கலாம். நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளைத் தரையில் விரியுங்கள். பாதத்தை நனைத்து, சொட்டாத அளவு உதறி, பிள்ளையை இரண்டு காலிலும் சமமாக நிற்கச் சொல்லுங்கள். குனிந்து தன் காலைப் பார்க்கக் கூடாது. குனிந்தால் எடை முன்னால் போய்த் தடம் மாறிவிடும். சுவரில் ஒரு இடத்தைப் பார்க்கச் சொல்வது வழி. காயும் முன் பென்சிலால் ஓரத்தை வரைந்துகொள்ளுங்கள். நடுப்பாதத்தில் மிகக் குறுகிய அகலத்தைக் குதிகாலின் மிகப் பெரிய அகலத்தால் வகுக்க வேண்டும். நடுவே 3.2 செ.மீ., குதிகாலில் 4.6 செ.மீ. என்றால் விடை 0.7. பள்ளி வயதுக்குப் பிறகு 0.3 முதல் 1.0 வரை இயல்பு. 1-ஐத் தாண்டினால், அதாவது நடு குதிகாலைவிட அகலமாக இருந்தால், அடுத்த சோதனைகளையும் செய்து பார்க்கலாம்.

அடுத்தது எலும்பின் உயரம். எடை கூடிய பிள்ளைக்கு இது தடத்தைவிட நம்பகமானது. நாற்காலியில் உட்காரவைத்துப் பாதத்தைத் தரையில் பட வையுங்கள். படகு எலும்புப் புடைப்பில் பேனாவால் ஒரு புள்ளி. தரையிலிருந்து அந்தப் புள்ளிவரை ஸ்கேலால் அளந்து குறியுங்கள். பிறகு நிற்கவைத்து மறுபடி அளங்கள். இரண்டுக்குமான வித்தியாசம்தான் எடை விழும்போது வளைவு எவ்வளவு இறங்குகிறது என்பது. பெரியவர்களுக்கு 10 மி.மீ. வரை இயல்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். வளரும் பிள்ளைக்கு அந்த எண்ணைவிட, ஆறு மாதம் கழித்து அதே முறையில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதே பயன். புள்ளியைத் தோலில் தவறான இடத்தில் வைப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. எடை கூடிய பாதத்தில் புடைப்பு சதைக்குள் மறைந்திருக்கும். பாதத்தை உள்பக்கம் மடக்கச் சொன்னால் நாண் விறைத்து அந்த எலும்பைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பிள்ளையின் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு எழுந்து, வெளியே சாய்ந்திருந்த குதிகால்கள் இரண்டும் உள்பக்கம் திரும்பினால் அது நெகிழும் தட்டைப் பாதம். அப்படிப்பட்ட பாதத்தில், நிற்கும்போது கட்டைவிரலை மட்டும் நீங்கள் மேலே தூக்கினாலும் வளைவு எழும். அடிப்பாதச் சவ்வு விரலைச் சுற்றி இறுகுவதால் நடப்பது அது. வளைவு எழவே இல்லை, குதிகால் திரும்பவே இல்லை என்றால் விறைத்த தட்டைப் பாதம். அதற்கு எலும்பு மருத்துவர் அவசியம். பட்டாளத்துக்குப் போக முடியாதே என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு செய்தி: ராணுவ மருத்துவத் தேர்விலும் முன்பாதத்தில் நிற்கும்போது வளைவு திரும்ப வருகிறதா என்பதைப் பார்க்கிறார்கள்.

நான்காவது, குதிகால் நாண். பிள்ளை மல்லாந்து படுத்து முழங்காலை நேராக நீட்டட்டும். குதிகாலைச் சற்று உள்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல மேலே, முகத்தை நோக்கித் தள்ளுங்கள். செங்கோணத்தைத் தாண்டி இன்னும் 10 பாகையாவது போக வேண்டும். குதிகாலைத் திருப்பிப் பிடிக்காமல் தள்ளினால் நடுப்பாதம் வளைந்து கொடுத்து, நாண் நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும். தரையில் குந்தி உட்காரும்போது குதிகால் தூக்கிக்கொள்வதும் ஒரு அறிகுறிதான். ஆனால் வயிறும் தொடையும் தடுப்பதால்கூட அப்படி நடக்கலாம். முழங்காலை நீட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை.

பாதத்தைப் பார்த்துக்கொண்டே இடுப்பைத் தவறவிடாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். 10 முதல் 16 வயதுக்குள் இருக்கும், எடை கூடிய பிள்ளை நொண்டினால், முழங்கால் வலி, தொடை வலி, கவட்டு வலி என்று ஏதாவது சொன்னால், ஒரு பாதம் மற்றதைவிட வெளியே திரும்பியிருந்தால், முதலில் நினைக்க வேண்டியது தொடையெலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) நழுவுவதை. பருமன் இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பிரச்சினை இடுப்பில் இருந்தாலும் வலி முழங்காலில் தெரியும். அதனால் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது உண்டு. பாதம் வெளியே திரும்புவதைத் தட்டைப் பாதம் என்று எண்ணி இன்சோல் போட்டுவிடுவதும் உண்டு. இரண்டு இடுப்பையும் சேர்த்து, நேராகவும், முழங்காலை மடக்கிக் கால்களை அகட்டிய தவளைக்கால் நிலையிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து பிள்ளையை நடக்கவிடக் கூடாது. தூக்கியோ சக்கர நாற்காலியிலோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். நழுவல் கொஞ்சமாக இருக்கும்போது திருகாணி போட்டு நிறுத்திவிடலாம். முழுவதும் நழுவினால் எலும்புத் தலைக்கு ரத்தம் போவதே நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது.

இன்னும் சில. ஒரு காலில் மட்டும் தட்டை. இரவில் எழுப்பும் வலி. வளைவு முன்பு இருந்து இப்போது போய்விட்டது. அடிக்கடி கணுக்கால் பிசகுகிறது. 2 வயதுக்குப் பிறகும் கால்கள் வில்போல வெளியே வளைந்து கொண்டே போகின்றன. முட்டிகள் இடித்து, கணுக்கால்களுக்கு நடுவே 8 செ.மீ.க்கு மேல் இடைவெளி விழுகிறது. இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் போங்கள். 8 வயதுக்கு மேல் விறைத்த பாதமும் வலியும் வந்தால் இரண்டு பாத எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வைட்டமின் டி குறைவும் கால் வளைவுக்குக் காரணமாகும். எடை கூடியும் உயரம் வயதுக்குக் குறைவாக இருந்தால் தைராய்டு சோதனை வேண்டும். சாப்பாட்டால் எடை கூடிய பிள்ளைகள் பொதுவாக வயதுக்குச் சற்று உயரமாகவே இருப்பார்கள்.

இன்சோல் விஷயம்

வலி இல்லாத நெகிழும் தட்டைப் பாதத்துக்கு இன்சோல் தேவையில்லை. இதை அரைமனதாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் டாலஸ் நகரில் 1 முதல் 6 வயதுப் பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்குத் திருத்தும் ஷூ, சிலருக்கு உள்ளே வைக்கும் தாங்கி, சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று 3 வருடம் தொடர்ந்து எக்ஸ்ரேயோடு பார்த்தார்கள். 1989-ல் வந்த முடிவு: எல்லாக் குழுவிலும் பாதம் ஒரே மாதிரி முன்னேறியிருந்தது. ஷூ செய்ததாக நினைத்த வேலையை வளர்ச்சி செய்திருக்கிறது. 2022-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 16 சோதனைகளையும் 1,058 பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தபோதும் இன்சோலுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.

வலி இருந்தால் கணக்கு வேறு. நடந்ததும் உள்பாதமோ கெண்டைக்காலோ வலிக்கிறது, ஓடாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறது என்றால் இன்சோல் ஒரு ஊன்றுகோலாக உதவும். அந்த வலி குறைந்தால் பிள்ளை விளையாடும். விளையாடினால் எடை கட்டுப்படும். பெரிய தொகை கொடுத்து அச்செடுத்துச் செய்ய வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் நடுத்தர உறுதியுள்ளதே ஆரம்பத்துக்குப் போதும். ஷூவோடு வரும் உள்தகட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டும், மேலே அடுக்கினால் குதிகால் ஷூவுக்கு வெளியே எழும்பும். முதல் நாள் 1 மணி நேரம், தினமும் 1 மணி நேரம் கூட்டி ஒரு வாரத்தில் பள்ளி நேரம் முழுக்க. குதிகால் நாண் இறுகியிருக்கும்போது உறுதியான இன்சோல் போட்டால் கீழே சரியும் எலும்பும் மேலே முட்டும் தகடும் நடுவே தோலை நசுக்கும். பழகிடும் என்று சொல்லப்படும் வலி பெரும்பாலும் இதுதான். அங்கே முதலில் நாணை நீட்டுங்கள், இன்சோல் பிறகு.

அறுவை சிகிச்சை, பல மாதப் பயிற்சிக்கும் அடங்காத வலியுள்ள சிலருக்கு மட்டும். எடை கூடிய பிள்ளைக்கு அதை முதல் வழியாக யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

வெறுங்காலும் ஷூவும்

நம் பக்கத்து ஆதாரம் ஒன்று இதில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. கர்நாடகத்தில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயதுவரை 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம்; வெறுங்காலில் நடப்பவர்களில் 2.8 சதவீதம். விரலை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. 1995-ல் சச்சிதானந்தம், ஜோசப் இருவரும் 1,846 பெரியவர்களிடம் பார்த்தபோது, 6 வயதுக்கு முன்பே ஷூ போடத் தொடங்கியவர்களில் 3.24 சதவீதமும், 16 வயதில் தொடங்கியவர்களில் 1.75 சதவீதமும் தட்டைப் பாதத்தோடு இருந்தார்கள். பருமனும் தளர்ந்த மூட்டு நார்களும் உள்ளவர்களிடம் அது கூடுதல் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

ஆகவே வீட்டுக்குள் வெறுங்கால். பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றட்டும். மண், மணல், புல் கிடைத்தால் அரைமணி நேரம் அங்கே விளையாடட்டும். முள்ளும் கண்ணாடியும் இல்லாத இடமாக இருந்தால் போதும்.

பள்ளி ஷூ வாங்குவதில் எடை கூடிய பிள்ளைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாதம் அகலமாக இருப்பதால் சரியான நீளத்தில் ஷூ உள்ளே போகாது. கடைக்காரர் இரண்டு அளவு பெரியதைக் கொடுப்பார். அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று வீட்டிலும் சம்மதித்துவிடுவார்கள். அகலம் சரியாகிவிடும்; ஆனால் ஷூ மடங்கும் கோடு விரல் மூட்டுக்கு முன்னால் போய்விடும், குதிகால் உள்ளே ஆடும், பாதம் ஒவ்வொரு அடிக்கும் வழுக்கி உள்பக்கம் சரியும். நீளத்தைக் கூட்டாமல், முன்பக்கம் அகலமாகவும் வட்டமாகவும் இருக்கும், லேஸோ ஒட்டுப்பட்டையோ வைத்த ஷூவைத் தேடுங்கள். மாலையில், காலுறையோடு, நிற்கவைத்து அளக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன் 1 செ.மீ. இடம். ஷூவின் பின்சுவரை இரு விரலால் அழுத்தினால் நசுங்கக் கூடாது. மடக்கினால் விரல் மூட்டு இருக்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். 3 மாதத்துக்கு ஒருமுறை இடத்தைச் சோதியுங்கள்.

பயிற்சி: அளவும், தவறும் இடமும்

குதிகால் நாணை நீட்டுவது முதலில். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாய வேண்டும். 30 விநாடி, காலுக்கு 3 முறை, காலையும் மாலையும். பின்கால் விரல்கள் நேராகச் சுவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பாதத்தை வெளியே திருப்பிக்கொண்டு செய்வார்கள். அப்படிச் செய்தால் நாண் நீளாது, நடுப்பாதம்தான் இன்னும் தளரும். உள்பாதத்தின் கீழே நான்காக மடித்த சிறு துண்டை வைத்துவிட்டால் இந்தத் தவறு நேராது.

அடுத்தது குதிகால் உயர்த்துதல். இரண்டு குதிகால்களுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்து. பந்தை நழுவவிடாமல் அழுத்தியபடி 2 விநாடியில் உயர்ந்து 3 விநாடியில் மெல்ல இறங்க வேண்டும். 8 முறை, 2 சுற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 முறை கூட்டி 15 வரை. பந்து இருப்பதால் வளைவைத் தூக்கும் தசை கூடுதலாக வேலை செய்கிறது. பந்து இல்லாமல் செய்தால் கெண்டைக்காலே பெரும்பகுதியைச் செய்துவிடும்.

மூன்றாவதாக, பாதத்தைக் குறுக்குவது. உட்கார்ந்தபடி, விரல்களை மடக்காமல், கட்டைவிரலின் அடியைக் குதிகாலை நோக்கி இழுக்க வேண்டும். வளைவு கொஞ்சம் எழும். 5 விநாடி, 10 முறை. விரல் நகம் வெளுத்தால் விரலை மடக்குகிறது என்று அர்த்தம். 7 வயதுக்குக் கீழே இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். அவர்களுக்குச் சோழியோ புளியங்கொட்டையோ 20 பரப்பி, கால்விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போடும் விளையாட்டே போதும். நொண்டி விளையாட்டும் நல்ல பயிற்சிதான். எடை மிக அதிகமாக இருந்தால், வலி அடங்கும்வரை அதையும் கயிறு தாண்டுவதையும் தள்ளிவைக்கலாம்.

வாரத்துக்கு 5 நாள், 12 வாரம். நடுவில் விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

எடையைப் பற்றி

வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைக்க வேண்டும் என்பதே பெரும்பாலும் இல்லை. ஏறாமல் நிறுத்தினால் உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 7 வயதுப் பையன், 120 செ.மீ., 32 கிலோ. பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 22.2, உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி அந்த வயதில் 19-க்கு மேல் பருமன். ஆண்டுக்கு 6 செ.மீ. வளர்ந்து எடை அப்படியே நின்றால் 8 வயதில் 20.2, 9 வயதில் 132 செ.மீ. உயரத்தில் 18.4. 9 வயதுக்குப் பருமன் எல்லை 20.5. பட்டினி போடாமலே பையன் அதைவிட்டு இறங்கிவிடுகிறான். பூப்பெய்திய, வளர்ச்சி முடியும் தறுவாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மருத்துவரும் உணவியலாளரும் சேர்ந்துதான் திட்டமிட வேண்டும்.

எங்கே கைவைப்பது? முதலில் குடிக்கும் சர்க்கரையில். காலையும் மாலையும் பாலில் இரண்டிரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 16 முதல் 20 கிராம். 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் விரும்பும் 5 சதவீத எல்லை கிட்டத்தட்ட 19 கிராம். சத்துமாவு என்ற பெயரில் கலக்கும் இனிப்புப் பொடியும் மாலை பிஸ்கட்டும் அதற்கு மேலே. வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு தகராறு செய்யாமல் பழகிக்கொள்ளும். அடுத்தது மாலைப் பலகாரம்: எண்ணெயில் பொரித்ததற்குப் பதில் சுண்டல், அவித்த வேர்க்கடலை. இட்லியை எண்ணிக் கொடுப்பதைவிட முதலில் சாம்பாரில் காயும் பருப்பும் கூட்டுவது எளிது. வயிறு அதிலேயே நிறையும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாற்றம்.

அசைவு நாளுக்கு 60 நிமிடம் என்பது இலக்கு. பாதம் வலிக்கும் பிள்ளையை முதல் நாளே ஒரு மணி நேரம் நடக்கவைத்தால் மறுநாள் முதல் அது வெளியே வராது. 10 நிமிடம் மூன்று முறை என்று தொடங்குங்கள். நீச்சலும் சைக்கிளும் உடல் எடையைப் பாதத்திலிருந்து எடுத்துவிடுவதால் ஆரம்பத்துக்குச் சிறந்தவை. அளவுகோல் எளிது: விளையாடும்போது வரும் வலி இரவு தூங்கும் முன் போய்விட்டால் சரி. மறுநாள் காலையும் இருந்தால் அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம்.

பிள்ளையின் முன்னால் அதன் பாதத்தையோ நடையையோ வைத்துக் கிண்டல் செய்பவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். காலைக் காட்டக் கூசும் பிள்ளை விளையாட்டு வகுப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும். இங்கே சொன்ன எதுவும் அதன்பிறகு நடக்காது.

முதல் நாள் எடுத்த பழுப்புத் தாளில் தேதி, உயரம், எடை, உட்கார்ந்தும் நின்றும் அளந்த எலும்பு உயரம், வலி இல்லாமல் தொடர்ந்து எத்தனை நிமிடம் நடந்தது என்ற ஐந்தையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தாள். தடத்தின் வடிவம் அவ்வளவாக மாறியிருக்காது. கடைசியாக எழுதிய நிமிடக் கணக்கை முதலில் பாருங்கள்.